இடது பக்கம் இருந்தவர்கள்

எனக்கு ஒன்றுமில்லை என்று நான் முப்பத்தேழு நாள் சண்டை போட்டேன். மருத்துவரிடம், நர்ஸிடம், என் மனைவி எஸ்தரிடம், ஸ்கேன் அறைக்குத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனவரிடம் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பக்கவாதம் வந்தவன் வலியில் துடிப்பான், பயத்தில் அழுவான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. நன்றாக இருக்கிற மனுஷனைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்களே என்ற எரிச்சல்தான் இருந்தது. இப்படியும் ஒரு வியாதி உண்டு என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என்னைப் போன்றவனோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஞானப்பிரகாசம். வயது ஐம்பத்தொன்று. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேன் ஆபரேட்டர். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. கொட்டகைக் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். நான் முப்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பேன். கீழே ஒருவன் நின்று கையால் சைகை காட்டுவான். ஆலை இரைச்சலில் வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை. எனக்குச் சைகை காட்டுபவன் வெங்கடேசு. ஊத்துக்கோட்டைக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், என்னைவிட எட்டு வயது சின்னவன். பத்தொன்பது வருடமாக அவன் விரலைப் பார்த்துத்தான் நான் இரும்பைத் தூக்கினேன், இறக்கினேன். என் பெண்டாட்டி முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு, நகர்த்து என்று சொல்ல சைகைக்காரன் ஒருவனுக்குத்தான் உரிமை. மற்றவர்கள் என்ன காட்டினாலும் நான் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் ‘நிறுத்து’ என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் காட்டலாம். இரண்டு கையையும் விரித்து ஆட்டினால் போதும். தரை பெருக்க வந்த அம்மா காட்டினாலும் நான் நிறுத்தியே தீர வேண்டும். எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அன்று காலை ஷிப்ட். நாஷ்டா முடித்து ஏறி ஒரு மணி நேரம் இருக்கும். கம்பிக்கட்டு ஒன்றைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். டமால் என்று ஒரு சத்தம். பார்த்தால் கம்பிக்கட்டு ஒரு டிராலியை இடித்துச் சாய்த்திருக்கிறது. வெங்கடேசு கீழே தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை. நான் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, “எவன்டா அங்க டிராலிய வெச்சது?” என்று கத்தினேன். என் வாய் கோணிப்போயிருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தானாம். மேலே ஏறிவந்து, பெல்ட்டும் கயிறும் கட்டி, இரண்டு பேராக என்னை ஏணியில் இறக்கினார்கள். இறங்கும்போதும் நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். சாயங்காலம்வரை அந்த இடத்தில் டிராலி இருக்கவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அது ஒரு வாரமாக அதே இடத்தில்தான் நின்றதாம்.

சென்னைப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றி எஸ்தருக்குப் பெரிய கவலை இல்லை. அவளுக்கு வேறு கவலை. ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துக்காட்டி மருத்துவர் சொன்னது இதுதான்: மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் வலது பக்கம் ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது, அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை, வலது மூளைதான் இடது உடம்பைப் பார்த்துக்கொள்ளும், அதனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி சார். எனக்கு எப்போ டிஸ்சார்ஜ்?” என்றேன். கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். இடது கையையும் என்றார். தூக்கிவிட்டேன் என்றேன். அவர் எஸ்தரைப் பார்த்தார். இவருக்கு ஏன் நான் தூக்கியது தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது.

அந்த மருத்துவமனையில் பதினோரு நாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் குழப்பம்தான். ஒருநாள் கண்விழித்தால் என் படுக்கையில், போர்வைக்குள், யாருடைய கையோ கிடக்கிறது. ஆம்பளைக் கை. இந்தப் படுக்கையில் முன்பு இருந்தவர் கையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நம்பினேன். நர்ஸைக் கூப்பிட்டு, “சிஸ்டர், இத்த எடுத்து உரியவங்ககிட்ட குடுத்துடுங்க, பாவம், தேடிக்கினு இருப்பாங்க” என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தக் கையின் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டினார். என் கல்யாண மோதிரம். அதைப் பார்த்து நான் நேராக வந்த முடிவு, அந்த ஆள் என் மோதிரத்தைத் திருடியிருக்கிறான் என்பதுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள். அதுதான் வினையாகப் போயிற்று. இடது பக்கம் உட்கார்ந்தால் நான் பேசுவதில்லை, வலது பக்கம் உட்கார்ந்தால் வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே நாற்காலி, தண்ணீர் பாட்டில், பழம், போன், பைபிள் எல்லாம் வலது பக்கம் வந்துவிட்டன. எஸ்தர் இட்லியைத் தட்டின் வலது ஓரமாக ஒதுக்கி வைத்துத் தருவாள். நான் எல்லாவற்றையும் சாப்பிடுவேன். “பாரு, மாமா நல்லாத்தான் துன்றாரு” என்று அவள் சந்தோஷப்படுவாள். எனக்கு எது தெரியவில்லை என்பதை எனக்குத் தெரியாமல் மறைத்து, அன்பாக என்னைப் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் மருத்துவர், உயிருக்கு ஆபத்தில்லை, இனி மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். அங்கே ஒரு பெரிய ரகளை ஆயிற்று. எங்கள் பக்கம் மறுவாழ்வு மையம் என்றால் குடிகாரர்களைக் கொண்டுபோய் அடைக்கிற இடம். நான் வாழ்க்கையில் குடித்தது மூன்று கல்யாணத்திலும் ஒரு சாவிலும்தான். “எஸ்தரு, ஊர்ல இன்னா சொல்லி வெச்சிருக்க நீ?” என்று கத்தினேன். எங்கள் தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம்: ஞானம் நல்லவன்னு நெனச்சோம், உள்ளுக்குள்ள இவ்ளோ குடிச்சிருக்கான் பாரு என்று. பக்கவாதம், அடிபட்ட முதுகெலும்பு, துண்டான கால் என்று இவற்றுக்கெல்லாமும் மறுவாழ்வு மையம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் எஸ்தரின் அண்ணன்தான் விசாரித்து, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் வீட்டில் எஸ்தர் தங்கிக்கொள்ளலாம், காலையில் வந்து சாயங்காலம் போகலாம் என்று ஏற்பாடாயிற்று.

அங்கேதான் வைதேகி மேடம். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற வைணவக் குடும்பத்துப் பெண். நெற்றியில் மெல்லிதாய் ஒரு சிவப்புக் கோடு. என் மகளாக இருந்தால் இந்த வயதுதான் இருக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று போர்டு போட்டிருந்தது. குளிப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, தொழில் செய்வது என்று அன்றாடம் நாம் யோசிக்காமல் செய்கிற வேலைகளையெல்லாம் மறுபடி கற்றுக்கொடுக்கிறவர் என்று அர்த்தம். மெதுவாகப் பேசுவார். பிடிவாதம் மட்டும் என் கிரேன் அளவுக்கு.

வந்த முதல் நாளே என் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். வலது பக்கம் சுவர். கதவு, ஜன்னல், மேஜை, ஆட்கள் எல்லாம் இடது பக்கம். “இனிமே யாரும் இவருக்கு வலது பக்கம் உக்காரப்படாது. தண்ணி கேட்டாலும் இடது பக்கம்தான் வைக்கணும். தவிச்சாலும் பரவாயில்ல” என்று எஸ்தரிடம் சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே கிடக்கிறேன், என்னை யாரும் பார்க்க வரவில்லை என்பதுதான்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் வைதேகி மேடம் வந்து என் முகத்துக்கு நேராக நின்றபோது கேட்டுவிட்டேன்.

“மேடம், எங்க ஊட்ல இன்னா ஆச்சு? நாலு நாளா அவ எட்டிக்கூடப் பாக்கல. ஆம்பளைக்கு முடியலன்னா இப்பிடியா உட்டுட்டுப் போவாங்க?”

பக்கத்தில் யாரோ விம்மி அழுகிற சத்தம் கேட்டது. “பக்கத்து பெட்ல யாரோ அழுவுறாங்க, அத்த மொதல்ல பாருங்க” என்றேன். அந்த அறையில் பக்கத்துப் படுக்கையே கிடையாது.

மேடம் என் வலது கையைப் பிடித்து, என் மார்புக்குக் குறுக்கே, மெல்ல இடது பக்கம் கொண்டுபோனார். “கை போற எடத்தையே பாருங்க. கண்ணை எடுக்காதீங்க.” என் கை ஒரு கையின் மேல் பட்டது. அந்தக் கைக்குக் கீழே இன்னொரு கை. மேலே இருந்த கையில் வளையல். வளையலிலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே போனேன். எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

“காலைல எட்டு மணிலேர்ந்து இங்கதான் கீறேன் மாமா. நாலு நாளும் இங்கதான் இருந்தேன். உன் கையப் புட்ச்சிக்கினு.”

“அப்போ ஏன் பேசல?”

“பேசிக்கினேதான் இருந்தேன். நீ செவுத்தப் பாத்து பதில் சொன்ன. போன் எங்க வெச்சன்னு என்னையே கேட்ட.”

நினைத்துப் பார்த்தேன். அவள் குரலைக் கேட்டது நிஜம். யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷமே, இவள் வேண்டுமென்றே ஒளிந்து உட்கார்ந்துவிட்டு என்னைக் குற்றவாளி ஆக்குகிறாள் என்று கோபம் வந்துவிட்டது. அதையும் வாய்விட்டுச் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போனாள். கதவு இடது பக்கம் இருந்ததால் அவள் போனதும் எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேடம் இதற்குப் பெயர் சொன்னார்: இடப்பக்கப் புறக்கணிப்பு. “உங்க கண்ணு ரெண்டும் நன்னாத்தான் இருக்கு. இடது பக்கத்தக் கவனிக்கறதுன்னு மூளைல ஒரு வேல இருக்கு. அந்த வேலைய செய்யற எடம் அடிபட்டுடுத்து. இருட்டா இருந்தா ஏதோ தெரியலன்னு உங்களுக்கே சந்தேகம் வரும். இது இருட்டு இல்ல. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்கு மறந்துபோச்சு.” நான், “புரிஞ்சிது மேடம்” என்றேன். ஒன்றும் புரியவில்லை. இல்லாத ஒன்று இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொன்றாக நிரூபித்துக்காட்டினார். தட்டில் இட்லியைச் சாப்பிட்டு முடித்து, இரண்டுதான் வைக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டால், தட்டைத் திருப்பிவிடுவார். இன்னும் இரண்டு இட்லி வந்து நிற்கும். வித்தை காட்டுகிறார் என்றேன். என் ஆலை அடையாள அட்டையைக் கொடுத்து ஊர் பெயரை வாசிக்கச் சொன்னார். பூண்டி என்று வாசித்தேன். “பூண்டிலயா உங்க கம்பெனி?” என்றார். “பூண்டில ஏரிதான் கீது, கம்பெனி எங்க கீது? எவனோ தப்பா அடிச்சிருக்கான்” என்றேன். அட்டையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கும்மிடி என்ற எழுத்துகள் வந்து சேர்ந்துகொண்டன.

அதிலிருந்து என் உலகத்தில் எதைப் பார்த்தாலும் இடது ஓரத்தில் சிவப்பு டேப். தட்டில், செய்தித்தாளில், கண்ணாடியில், கதவு நிலையில். டேப்பைக் காணும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதற்குமுன் எதுவும் செய்யக் கூடாது. காலையில் இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே நடைப் பயிற்சி. பிறகு கைப் பயிற்சி. அதற்குப் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வாங்கிவந்த நட்டும் போல்ட்டும்தான். மேஜையின் இடது கோடியில் இறைத்து வைப்பார்கள், நான் தேடிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். கால் சீக்கிரம் வந்தது. கையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு மாதத்தில் தடியில்லாமல் நடந்தேன். அதனால் எனக்கு வியாதியே இல்லை என்ற என் எண்ணம் இன்னும் பலமாகிவிட்டது.

வெங்கடேசு தன் லீவு நாளில் வந்தான். மறக்காமல் இடது பக்கம் உட்கார்ந்தான். மேடம் வெளியே போனதும் மெல்ல வலது பக்கம் வந்துவிட்டான். அவனுக்கு ஒரு திட்டம் இருந்தது.

“நைனா, நீ டென்ஷன் ஆவாத. கம்பெனி டாக்டர் இன்னா பாப்பாரு? பிரஷர் பாப்பாரு, கைய தூக்கச் சொல்லுவாரு, நடக்கச் சொல்லுவாரு. பாஸாயிடுவ. அப்பறம் நான் கீறேன். எப்பவும் உன் சோத்தாங்கை பக்கமாவே நின்னு சைகை காட்டுறேன். ஒருத்தனுக்கும் தெரியாது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூண்டில் ஏற முடியாதவனுக்கு ஆலையில் மிஞ்சுவது ஸ்டோரில் சாக்கு எண்ணுகிற வேலைதான். பத்தொன்பது வருடம் முப்பதடி உயரத்தில் இருந்தவன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சாக்கு எண்ணுவதா? அதைவிடச் சாகலாம் என்று அப்போது நினைத்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. வெங்கடேசு என் உயிரைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இந்தத் திட்டத்தை எஸ்தர் வெளியில் நின்று கேட்டிருக்கிறாள். நேராக வைதேகி மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேடம் கோபப்படவில்லை. உள்ளே வந்து வெங்கடேசிடம், “உங்க வேலைய எனக்குக் கொஞ்சம் செஞ்சு காமிங்களேன், நான் பாத்ததே இல்ல” என்றார்.

பயிற்சிக் கூடத்திலேயே கிரேன் தயாராயிற்று. எனக்கு ஒரு நாற்காலி. வலது கையில் ஒரு கைத்தடி, அதுதான் கைப்பிடி. ஒரு சக்கர நாற்காலியில் மணல் மூட்டை ஏற்றினார்கள், அதுதான் சரக்கு. நான் தடியை எந்தப் பக்கம் சாய்க்கிறேனோ அந்தப் பக்கம் பணியாளர் ஒருவர் அதைத் தள்ள வேண்டும். வெங்கடேசு வலது பக்கம் நின்று சைகை காட்டினான். விரலைச் சுழற்றினான், உள்ளங்கையைக் கவிழ்த்தான், கட்டை விரலால் திசை காட்டினான். எத்தனை நாளாயிற்று! என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேடம் எனக்கு எதிரே தள்ளி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தப்புக்கூட இல்லாமல் ஓட்டினேன். இடது பக்கம் கொண்டுபோ என்று சைகை வந்தது, தடியைச் சாய்த்தேன். சரக்கு போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பணியாளர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“யோவ், ஏன்யா நிறுத்துன? சைகை குடுக்காம நீயா நிறுத்துவியா? வேல தெரியுமா உனுக்கு?” என்று கத்தினேன்.

வெங்கடேசு கையை இறக்கிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் வந்து போனை என் வலது கையில் கொடுத்தார்.

எதிரே நின்று எடுத்த படம். அதனால் என் இடது பக்கம் அதில் வலது பக்கமாக விழுந்திருந்தது. அதனால்தான் எனக்குத் தெரிந்தது. படத்தில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு தடியை ஆட்டுகிறான். அவனுக்குப் பக்கத்தில், பத்தடி தூரத்தில், ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு கையையும் விரித்து ஆட்டுகிறாள். மணல் மூட்டை வண்டி அவளை நோக்கிப் போகிறது. அவள் இன்னும் வேகமாக ஆட்டுகிறாள். குதிக்கிறாள். அந்த ஆள் நேராகப் பார்த்துக்கொண்டு தடியை அவள் பக்கமே சாய்க்கிறான். வண்டி அவள் புடவையைத் தொடுகிற தூரத்தில் பணியாளர் நிறுத்துகிறார். அந்த ஆள் அவரைத் திட்டுகிறான்.

அந்தப் பெண் யார் என்று கேட்க வாயெடுத்தேன். எஸ்தர்.

இரண்டாவது தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை பார்த்தேன். அவளுக்கு அந்தச் சைகையை வெங்கடேசுதான் சொல்லிக்கொடுத்தானாம், நைனாவுக்கு நிச்சயம் தெரியும், பந்தயம் என்று. எனக்குப் பக்கவாதம் வந்தது கூண்டில் இல்லை. முப்பத்தெட்டாம் நாள், அந்தப் பயிற்சிக் கூடத்தில்தான் வந்தது. அதுவரை இல்லாத பயமெல்லாம் மொத்தமாக அன்றைக்கு வந்தது. போன் கீழே விழுந்தது.

மேடம் குனிந்து எடுத்துக்கொண்டு விளக்கினார். “வலது பக்கம் ஒண்ணுமே இல்லன்னா, இப்போல்லாம் இடது பக்கம் உங்களுக்குத் தெரியறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஏதாவது இருந்தா, மூளை வலதை மட்டும் எடுத்துண்டு இடதை விட்டுடறது. இவர் வலது பக்கம் நின்னு காமிச்சுண்டே இருந்தார்னா இடது பக்கம் நிக்கறவா உங்களுக்குக் காணாமலே போயிடுவா. இவர் செய்ய நெனச்ச உதவிலதான் ஆபத்து.”

வெங்கடேசு வெளியே போய்விட்டான். ஜன்னல் வழியே அவன் அழுவது எனக்குத் தெரிந்தது. நான் தலையைத் திருப்பித்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் சண்டை போடவில்லை. மருத்துவமனை என் உயிரைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி. ஆனால் என்னிடமிருந்து எது போயிற்று என்று எனக்குச் சொன்னது இந்த இடம்தான். அது தெரிந்த பிறகுதான் பயிற்சியே பயிற்சியாயிற்று. வாசல் தாண்டினால் இடது, தட்டைத் தொட்டால் இடது, யாராவது பேசினால் இடது என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். எஸ்தர் கைதட்டிச் சிரிப்பாள். ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் மாதம் யார் பார்த்தாலும் எனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வார்கள். எனக்கே சில நாள் அப்படித்தான் தோன்றும். என் தோன்றலை நான் நம்பலாமா கூடாதா என்பதில்தான் குழப்பம்.

ஆறாம் மாதம் ஆலையிலிருந்து தகுதிப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். எஸ்தரோடு போனேன். ஆலை மருத்துவர் வயதானவர், நல்ல மனுஷர். பிரஷர் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், தூக்கினேன். கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், நடந்தேன். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். தலையைத் திருப்பி ஒன்றுவிடாமல் படித்தேன். வெங்கடேசு சொன்னது அப்படியே நடந்தது.

“எக்ஸலண்ட். உங்கள மாதிரி தேறி வந்தவங்க ரொம்பக் கம்மி. தாராளமா ஏறுங்க” என்று படிவத்தை எழுத ஆரம்பித்தார்.

கூண்டு வாசனை மூக்கில் வந்தது. பேசாமல் இருந்தால் போதும். நாளைக் காலை ஏணியில் ஏறிவிடலாம். எஸ்தரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏறு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

வைதேகி மேடம் கடைசி வாரங்களில் ஒரு சோதனை வைப்பார். வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வார். அவ்வளவுதான். டேப் கிடையாது, யோசிக்க நேரமும் கிடையாது.

“சார், ஒரு பேப்பர்ல கோடு ஒண்ணு போட்டுக் குடுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“குடுங்க சார்.”

சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நான் சட்டென்று நடுவில் புள்ளி வைத்து அவரிடம் தள்ளினேன். என் கண்ணுக்கு அது நட்ட நடுவில்தான் இருந்தது. அவர் ஸ்கேல் எடுத்து வைத்துப் பார்த்தார்.

“கொஞ்சம் வலது பக்கம் தள்ளியிருக்கு. கொஞ்சம்தான். ஒரு விரக்கடைகூட இல்ல. இதெல்லாம் ஒரு விஷயமா?”

“மேலேர்ந்து பாத்தா அந்தக் கொஞ்சத்துல ஒரு ஆளு நிப்பான் சார்” என்றேன்.

அவர் ஸ்கேலை மறுபடி அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் செய்தது சரியா, கிடைத்த வாழ்க்கையை நானே கெடுத்துக்கொண்டேனா என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எஸ்தர் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரெண்டு கண்ணுலேயும் தண்ணி நிக்கவே மாட்டேங்குது மாமா என்றாள். எனக்கு வலது கன்னம் மட்டும்தான் நனைந்திருந்தது.